அறிவியல் மாணவருக்கு முதல் கணினி அறிவியல் பாடநூல்: எதைப் பார்த்து, எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது

இயற்பியல், வேதியியல், தாவரவியல் படிக்கும் பி.எஸ்சி. மாணவர்கள் தங்கள் முதல் நிரலாக்கப் புத்தகத்தை எப்படி வாங்குகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலும் சீனியர் சொன்ன புத்தகமாக இருக்கும், இல்லையென்றால் கடையில் முன்னால் அடுக்கி வைத்திருந்த புத்தகம். மூன்றாவது அத்தியாயத்தோடு படிப்பு நின்றுவிடும். "எனக்கு கோடிங் வராது சார்" என்று மாணவர் முடிவு கட்டிவிடுவார். பெரும்பாலான நேரங்களில் குறை அவரிடம் இல்லை. மென்பொருள் வேலைக்குப் போகிறவருக்காக எழுதிய புத்தகம், ஆய்வகத்தில் பிப்பெட்டும் வெர்னியரும் பிடிக்கிறவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

வழக்கமாக எல்லோரும் முதலில் புத்தகத்தை வாங்கிவிட்டு, அதில் உள்ள மொழியைக் கற்றுக்கொண்டு, கடைசியில்தான் இதை எதற்குப் பயன்படுத்துவது என்று யோசிக்கிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. முதலில் உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள்

எந்தப் புத்தகத்தையும் திறப்பதற்கு முன், உங்கள் பாடத்திலிருந்து கணினியால் செய்ய விரும்பும் ஒரே ஒரு வேலையை நான்கு வரியில் எழுதுங்கள். பெரிய வேலையாக இருக்க வேண்டாம், ஆனால் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

இயற்பியல் மாணவர் தனி ஊசல் ஆய்வை எடுக்கலாம். பத்து நீளங்களுக்கு அலைவு நேரம் எடுத்திருப்பீர்கள். நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்து, சாய்விலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வேதியியல் மாணவருக்குத் தரம்பார்த்தல் வளைகோடு இருக்கிறது. பியூரெட் அளவுக்கு எதிராக பி.ஹெச். மதிப்பை வரைந்து, எங்கே செங்குத்தாக ஏறுகிறது என்று காண வேண்டும். உயிரியல் மாணவர் ஒரு டி.என்.ஏ. வரிசையில் குவானினும் சைட்டோசினும் எத்தனை சதவீதம் என்று எண்ணலாம்.

இந்தத் தாள் எதற்கு? புத்தகத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். ஊசல் கணக்குக்குக் கோப்பிலிருந்து எண்களைப் படிக்கவும், பட்டியலில் வைக்கவும், வரைபடம் வரையவும் தெரிய வேண்டும். டி.என்.ஏ. கணக்குக்கு எழுத்துச் சரங்களைக் கையாளத் தெரிய வேண்டும். கதிரியக்கச் சிதைவைப் போலச் செய்து பார்க்க ஆசை என்றால் சமவாய்ப்பு எண்கள் வேண்டும். இந்த நான்கு வரி இல்லாமல் கடைக்குப் போனால் எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகமாகத்தான் தெரியும்.

2. கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கணினி: சொந்த மடிக்கணினி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இணையமும் உலாவியும் இருந்தால், உலாவிக்குள்ளேயே நிரல் எழுதி ஓட்ட உதவும் கூகுள் கோலாப் போதும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. கைபேசியில் மட்டும்தான் முடியும் என்றால் தொடங்கலாம், ஆனால் சின்ன விசைப்பலகையில் வரிகளைச் சரியாக உள்தள்ளி எழுதுவது சிரமம். வாரத்துக்கு ஒருமுறையாவது கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் உட்கார வழி செய்துகொள்ளுங்கள்.

கணிதம்: புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து எடுத்துக்காட்டுகளை மட்டும் பாருங்கள். தொகையிடலும் வகைக்கெழுச் சமன்பாடும் வந்தால் அது இயற்பியல் மாணவருக்குச் சரி. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுக்காமல் தாவரவியலுக்கு வந்தவருக்கு அங்கே நிரலும் புதிது, கணக்கும் புதிது. இரண்டு புதியவற்றை ஒரே நேரத்தில் படிக்க வைக்கும் புத்தகத்தை ஒதுக்கிவிடுங்கள்.

மொழி: தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இந்த இடத்தில் தயங்குவதைப் பார்க்கிறேன். தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் மொழியில் இருக்கிறது, தமிழ் வழிப் பதிப்பும் உண்டு, பி.டி.எஃப். ஆக இலவசமாகக் கிடைக்கிறது. உயிரியல் பிரிவில் படித்தவர்கள் அதைத் தொட்டே இருக்க மாட்டார்கள். மாறி (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயர்), செயற்கூறு (பெயரிட்டுத் திரும்பப் பயன்படுத்தும் நிரல் பகுதி), மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் வரிகள்) ஆகிய மூன்றையும் அதில் தமிழில் புரிந்துகொண்டு, அப்புறம் ஆங்கிலப் புத்தகத்துக்குப் போனால் பாதிப் பயம் போய்விடும். அதையே முதன்மைப் பாடநூலாக வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அது பொதுத்தேர்வுக்காக எழுதப்பட்டது, ஆய்வகத் தரவுக்காக அல்ல. பாலமாக வைத்துக்கொள்ள அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

3. எந்த மொழி என்பதை இப்போது முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான அறிவியல் மாணவர்களுக்கு பைத்தான் போதும். காரணம் எளிது: மூன்று வரியில் ஒரு கோப்பைப் படித்து வரைபடம் போட முடிகிறது, உங்கள் கவனம் இலக்கணத்தில் கரையாமல் கணக்கில் நிற்கிறது.

விதிவிலக்குகள் உண்டு. உயிரியலில் புள்ளியியலும் மரபணுத் தரவும்தான் உங்கள் வழி என்றால் ஆர் மொழியில் நேராகத் தொடங்கலாம். காலநிலை மாதிரிகளிலும் குவாண்டம் வேதியியல் மென்பொருள்களிலும் ஃபோர்ட்ரான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுக் குழுவில் சேர்ந்த பிறகு அதைக் கற்றுக்கொண்டால் போதும், இப்போது அவசரம் இல்லை. உங்கள் பாடத்திட்டத்தில் சி அல்லது சி பிளஸ் பிளஸ் கட்டாயம் என்றால் அதிலேயே நல்ல புத்தகம் தேடுங்கள். தேர்வுக்கு ஒரு மொழி, ஆசைக்கு ஒரு மொழி என்று முதல் பருவத்திலேயே இரண்டைத் தொடங்கியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

4. புத்தகத்தின் வயதைக் கண்டுபிடியுங்கள்

அட்டையில் "திருத்திய பதிப்பு" என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் நிரல்கள்தான் உண்மையான வயதைச் சொல்லும்.

பைத்தான் புத்தகம் என்றால் முதல் நிரலைப் பாருங்கள். பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் நேராக மேற்கோள் குறி வந்தால் அது பைத்தான் 2. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றோடு முடிந்துவிட்டது. உங்கள் கணினியில் இருப்பது பைத்தான் 3. முதல் பக்கத்து நிரலே ஓடாது; தவறு தன்னுடையது என்று மாணவர் நினைத்துக்கொள்வார். அதைவிட மோசமானது சத்தம் போடாத தவறு. பழைய பதிப்பில் 5/2 என்றால் விடை 2, புதியதில் 2.5. புத்தகத்தில் உள்ள விடைக்கும் திரையில் வரும் விடைக்கும் பொருந்தாமல் ஒரு மாலைப் பொழுது முழுவதும் தடுமாறியவர்களை எனக்குத் தெரியும்.

சி பிளஸ் பிளஸ் புத்தகம் என்றால் முதல் வரியைப் பாருங்கள். ஐஓஸ்ட்ரீம் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஹெச் எழுத்தும் இருந்தால், கூடவே கோனியோவும் (conio.h) வாய்ட் மெயினும் (void main) வந்தால், அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து டர்போ சி பிளஸ் பிளஸ்ஸுக்கு எழுதியது. மொழியின் முதல் சர்வதேசத் தரம் வந்தது 1998-இல். இந்த எழுத்துமுறை அதற்கும் முந்தையது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் இன்றைய கம்பைலர் இதை ஏற்காது. இப்படிப்பட்ட புத்தகங்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன, விலையும் குறைவு. தயவு செய்து வாங்காதீர்கள்.

5. பொருளடக்கத்தில் வரிசையை மட்டும் பாருங்கள்

பொருளடக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பதில் பயன் குறைவு. எல்லாப் புத்தகத்திலும் எல்லாமே இருக்கும். எது எப்போது வருகிறது என்று பாருங்கள்.

கணினியின் தலைமுறைகள், உள்ளீட்டுக் கருவிகள், இருமத்திலிருந்து (0, 1 மட்டும் கொண்டு எண்களை எழுதும் முறை) பதினறுமத்துக்கு மாற்றுவது என்று முதல் ஐம்பது அறுபது பக்கம் போனால், நீங்கள் முதல் நிரலை எழுத இரண்டு வாரம் ஆகும். அதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

செயற்கூறுகள் புத்தகத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிட வேண்டும். ஏனென்றால் அறிவியல் கணக்கில் ஒரே சூத்திரத்தைப் பத்து இடத்தில் பயன்படுத்துவோம். அது தாமதமாக வரும் புத்தகத்தில் பழகியவர்கள் ஒரே வரியைப் பத்து முறை நகலெடுத்து ஒட்டும் பழக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அதை மாற்றுவது ரொம்பக் கஷ்டம்.

கோப்பைப் படிப்பது பாதிப் புத்தகத்துக்குள் வர வேண்டும். உங்கள் அளவீடுகள் எக்செல்லிலோ, எண்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சி.எஸ்.வி. கோப்பிலோதான் இருக்கப் போகின்றன. கடைசி அத்தியாயத்துக்கு முன்புவரை எண்களை விசைப்பலகையில் ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லும் புத்தகம் ஆய்வகத்துக்கு உதவாது.

வகுப்பு (class), மரபுரிமம் (inheritance) என்று தரவையும் அதற்கான செயல்களையும் ஒன்றாகக் கட்டும் பொருள்நோக்கு நிரலாக்கம் மூன்றாம் அத்தியாயத்திலேயே வந்தால் அது வேறு வாசகருக்கானது. உங்களுக்கு அது பின்னால் தேவைப்படலாம், இப்போது இல்லை.

6. மூன்று உரைகல் கேள்விகள்

இதுதான் நான் அதிக நேரம் செலவிடும் படி. ஒரு புத்தகம் அறிவியல் மாணவருக்கு ஏற்றதா என்பதைப் பின்பக்கச் சொல்லடைவைக் கொண்டே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் கேள்வி: 0.1 + 0.2 என்னவென்று புத்தகம் சொல்கிறதா? பைத்தானில் இதற்கு வரும் விடை 0.30000000000000004. இருமத்தில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது; ⅓-ஐத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாததைப் போல. இது வெறும் விநோதத் தகவல் அல்ல. சிதைவுக் கணக்கு ஒன்றில் ஒரு மாணவி நேரத்தை 0 முதல் 0.1, 0.1 ஆகக் கூட்டி, 1.0 ஆனதும் நிற்கும்படி எழுதியிருந்தார். நிரல் நிற்கவே இல்லை. பத்து முறை கூட்டினால் வருவது 0.9999999999999999, அடுத்தது 1.1-ஐ ஒட்டிய எண், சரியாக 1.0 வரவே வராது. மடக்கின் வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார், தவறு எதுவும் கண்ணில் படவில்லை. அவருடைய புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வங்கிக் கணக்கு, மாணவர் மதிப்பெண் என்று எடுத்துக்காட்டு தரும் புத்தகங்கள் இதை விட்டுவிட்டாலும் சமாளித்துவிடும். அளவீடுகளோடு வேலை செய்பவருக்கு இது இல்லாத புத்தகம் ஆபத்தானது. சொல்லடைவில் மிதவைப் புள்ளி எண்ணை (floating point, கணினி தசம எண்களைச் சேமிக்கும் முறை) தேடுங்கள். அரைப் பக்கமாவது இருக்க வேண்டும், "இரண்டு தசம எண்கள் சமமா என்று நேராக ஒப்பிடாதே" என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

சி, சி பிளஸ் பிளஸ் புத்தகம் என்றால் கூடுதலாக ஒன்று பாருங்கள். இயக்க ஆற்றலை 1/2 × நிறை × வேகத்தின் வர்க்கம் என்று சூத்திரத்தில் உள்ளபடியே எழுதினால் விடை 0. அந்த மொழிகளில் 1-ஐயும் 2-ஐயும் முழு எண்களாக எடுத்து வகுப்பதால் பாதி என்பதே 0 ஆகிவிடுகிறது. இதை எடுத்துச் சொல்லும் புத்தகம் சூத்திரம் எழுதுகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று நம்பலாம்.

இரண்டாம் கேள்வி: பிழைச் செய்தியைப் படிக்கச் சொல்லித் தருகிறதா? புதியவர் நேரத்தில் பாதிக்கு மேல் சிவப்பு எழுத்துகளோடுதான் போகிறது. பைத்தானின் பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். இதை யாரும் சொல்லாததால் மாணவர்கள் முதல் வரியைப் பார்த்துப் பயந்து மொத்தத்தையும் மூடிவிடுகிறார்கள். தவறான நிரலை வேண்டுமென்றே காட்டி, என்ன செய்தி வருகிறது, ஏன் வருகிறது என்று விளக்கும் பக்கங்கள் இருந்தால் அந்தப் புத்தகத்துக்கு நிறைய மதிப்பெண் கொடுங்கள்.

மூன்றாம் கேள்வி: விடை சரியா என்று சோதிக்கச் சொல்கிறதா? ஓடுகிற நிரல் எல்லாம் சரியான நிரல் அல்ல. விடை தெரிந்த ஒரு எளிய நிலையில் ஓட்டிப் பார், அலகுகளைச் சரிபார், கணக்கிடும் இடைவெளியைப் பாதியாக்கினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று பார் என்பவை ஆய்வகத்தில் நாம் ஏற்கெனவே பழகிய பழக்கங்கள்தான். அவற்றை நிரலுக்கும் கொண்டுவரும் புத்தகம் அரிதாகவே கிடைக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

7. பயிற்சிகளைப் படித்துப் பாருங்கள்

"200 தீர்க்கப்பட்ட நிரல்கள்" என்று விளம்பரம் செய்யும் புத்தகங்கள் தேர்வுக்கு முந்தைய இரவுக்கானவை. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், வெற்றுத் திரை முன் உட்கார்ந்தால் ஒரு வரி வராது. மறுபக்கம், ஒரு விடைகூட இல்லாத புத்தகம் தனியாகப் படிப்பவரைக் கைவிட்டுவிடும். சில பயிற்சிகளுக்கு விடையும் சிலவற்றுக்குக் குறிப்பும் மட்டும் தருவதுதான் சரியான அளவு.

பயிற்சிகளின் வகையையும் பாருங்கள். இந்த நிரல் என்ன அச்சிடும் என்று ஓட்டாமலே சொல், இந்த நிரலில் உள்ள பிழையைக் கண்டுபிடி, இதைச் சற்று மாற்று, புதிதாக எழுது என்று நான்கும் கலந்திருக்க வேண்டும். கடைசி வகை மட்டும் இருந்தால் தொடக்கத்திலேயே மலைப்பாக இருக்கும்.

8. வாங்கும் முன் ஒரு அத்தியாயம், இரண்டு மணி நேரம்

இரண்டு மூன்று புத்தகங்கள் மிஞ்சியிருக்கும். நூலகத்தில் எடுங்கள், அல்லது ஆசிரியரின் தளத்தில் மாதிரி அத்தியாயம் இருந்தால் எடுங்கள். மூன்றிலும் மடக்கு பற்றிய அத்தியாயத்தையே தேர்ந்தெடுங்கள். புதியவர்கள் முதலில் தடுமாறும் இடம் அதுதான், அதனால் விளக்கத்தின் தரம் அங்கே நன்றாகத் தெரியும்.

கணினி முன் உட்கார்ந்து படியுங்கள், நிரல்களைக் கையால் தட்டுங்கள். பி.டி.எஃப்.-இலிருந்து நகலெடுத்து ஒட்டினால் நேரான மேற்கோள் குறி வளைந்த மேற்கோள் குறியாக மாறி வந்து பிழை காட்டும். அதை வைத்துப் புத்தகத்தைக் குறை சொல்லக் கூடாது. புரியாமல் எத்தனை முறை இணையத்தில் தேடினீர்கள் என்று ஒரு மூலையில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு மணி நேரத்தில் மூன்று நான்கு கோடு சகஜம். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகம் உங்கள் இப்போதைய நிலைக்கானது அல்ல. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நிரலை நினைவிலிருந்து எழுதுங்கள். எந்தப் புத்தகத்துக்குப் பிறகு அது முடிகிறதோ அதுதான் உங்கள் புத்தகம்.

நானே ஒருமுறை இந்தப் படியைத் தாண்டி, பொருளடக்கம் அழகாக இருக்கிறது என்று ஒரு வகுப்புக்கே ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்துவிட்டேன். அதில் பாதி நிரல்களுக்கு மேலே எழுத வேண்டிய, பிற நிரல் தொகுப்புகளை அழைக்கும் இம்போர்ட் வரிகள் அச்சாகவே இல்லை. அந்தப் பருவம் முழுவதும் அதைச் சரிசெய்வதிலேயே போனது. இப்போது தட்டிப் பார்க்காமல் எதையும் சொல்வதில்லை.

9. நான் கொடுத்துப் பார்க்கும் சில புத்தகங்கள்

ஆலன் டவுனியின் திங்க் பைத்தான் இணையத்தில் இலவசம். மூன்றாம் பதிப்பு 2024-இல் வந்தது, விளக்கமும் ஓட்டக்கூடிய நிரலும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஜூபிட்டர் குறிப்பேடுகளாகவே படிக்கலாம். பிழை தேடுவதை இது அக்கறையோடு சொல்லித் தருகிறது. ஆய்வகத் தரவை வரைபடமாக்குவது இதன் நோக்கம் அல்ல. அதற்கு வேறொன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். உயிரியல் மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் கொடுப்பேன். பழைய முதல் பதிப்பு பைத்தான் 2-இல் இருப்பது, கவனம்.

ஜான் கட்டாக் எம்.ஐ.டி. வகுப்பிலிருந்து எழுதிய பைத்தான் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு 2021-இல் வெளியானது. தசம எண்களின் துல்லியம் தொடக்கத்திலேயே வருகிறது, சுருள்வில் ஆய்வுத் தரவுக்குக் கோடு பொருத்துவதும் வருகிறது. இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்கு என் முதல் தேர்வு இது. வேகம் கொஞ்சம் அதிகம், அதனால் அரசுப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

செட்ஜ்விக், வெய்ன், டொண்டேரோ மூவரும் எழுதிய பைத்தான் அறிமுக நூலில் கோள்களின் இயக்கம், நுண்துளை ஊடுருவல் எல்லாம் எடுத்துக்காட்டாக வருகின்றன. ஆனால் அவர்களுடைய சொந்த நிரல் தொகுப்பை முதலில் நிறுவ வேண்டும். அதைச் செய்யாமல் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

மார்க் நியூமனின் கணிப்பு இயற்பியல் நூல் அருமையானது, ஆனால் நுண்கணிதம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் எடுங்கள்.

10. வாங்கும்போது

இந்தியப் பதிப்பு விலை குறைவாக இருக்கும். அது எத்தனையாவது பதிப்பின் மறுஅச்சு என்று பதிப்புரிமைப் பக்கத்தில் பாருங்கள். பழைய புத்தகக் கடையில் வாங்குவதில் தவறில்லை, நான்காம் படியை மட்டும் அங்கேயே நின்று செய்துவிடுங்கள்.

ஜெராக்ஸ் பிரதியைத் தவிர்க்கச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. பைத்தானில் உள்தள்ளல்தான் இலக்கணம். ஓரம் வெட்டுப்பட்டோ சாய்ந்தோ வந்த பிரதியில் எந்த வரி எந்த மடக்குக்குள் இருக்கிறது என்று தெரியாது. அச்சுப் புத்தகத்திலும் ஒரு நிரல் பக்க மாற்றத்தில் உடைந்தால் இதே குழப்பம் வரும், அங்கே நின்று கவனியுங்கள்.

11. வாங்கிய பிறகு முதல் நான்கு வாரம்

நான்கு வாரத்துக்குப் புத்தகத்தை மாற்றாதீர்கள். இரண்டாம் வாரத்தில் கட்டாயம் ஒரு சலிப்பு வரும், அப்போது வேறு புத்தகம் எளிதாகத் தெரியும். ஒரு பகுதி புரியவில்லை என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் வேறு நூலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

கோப்பைப் படிக்கும் அத்தியாயத்துக்கு வந்ததும், அடுத்த அத்தியாயத்துக்குப் போகாமல் முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் உள்ள அதே அளவீடுகளை ஒரு கோப்பில் தட்டிச் சேமித்து, அந்தக் கணக்கை எழுதத் தொடங்குங்கள். வரைபடத் தாளில் கையால் கண்டுபிடித்த சாய்வு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. திரையில் வரும் எண்ணை முதலில் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.